சாந்தோம் நெடுஞ்சாலையும் போர்ட்லண்ட் பிளேஸும்

என் அக்கா மகளிடம் ஒரு நீலநிற பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், நாலு வருஷ நர்சிங் மதிப்பெண்கள், கோர்ஸ் கம்ப்ளீஷன், புரொவிஷனல், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒரு டஜன். எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல், நகல் ஒவ்வொன்றிலும் பச்சை மையில் ஒரு கையெழுத்து. பி.எஸ்சி. நர்சிங் முடித்த அந்த வருஷம் அவள் அந்த ஃபைலைப் பிரிந்திருந்த நாள் குறைவு. நெல்லை எக்ஸ்பிரஸில் அதைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். விடிகாலையில் எழும்பூரில் இறங்கி, தெரிந்தவர் வீட்டில் குளித்து, பத்து மணிக்கு மயிலாப்பூரில் செவிலியர் கவுன்சில் வரிசையில் பதிவுக்காக நின்றபோது துணைக்கு நானும் இருந்தேன்.

கவுண்டரில் இருந்தவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார். அவளுடைய அப்பா பெயர் முருகேசன். பள்ளிச் சான்றிதழில் வெறும் ‘எம்’ என்று இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை. அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. அவள் படித்த தனியார் கல்லூரி அனுப்பிய விவரத்தில் அதே முருகேசன் ஆங்கிலத்தில் ஓர் ‘ஏ’ எழுத்து கூடுதலாக வாங்கிக்கொண்டு நின்றார். மூன்று தாளில் மூன்று அப்பாக்கள். ‘இதைக் காலேஜ்ல சரி பண்ணிட்டு வாம்மா’ என்றார் கவுண்டர்க்காரர். அவர் செய்தது தவறே இல்லை. பெயர் பொருந்தாத ஒருவரைப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலையும் இல்லை. கல்லூரியில் போய்க் கேட்டால், ‘ஒரு எழுத்துதானே, இதையெல்லாம் யாரு பாக்குறா’ என்று முதலில் சிரித்தார்கள். பிறகு பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும் என்றார்கள். பிறகு முதல்வர் விடுப்பில் இருந்தார். அந்த ‘ஏ’ உதிர ஐந்து மாதம் ஆயிற்று.

அந்த ஐந்து மாதமும் அவள் வேலை செய்யாமல் இல்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்தாள். ஊசி போட்டாள், டிரிப் ஏற்றினாள், கேஸ் ஷீட் எழுதினாள். சம்பளப் பட்டியலில் மட்டும் ‘டிரெய்னி’. நர்சிங் சூப்பரின்டென்டென்ட் நல்ல மனுஷி. ‘ரெஜிஸ்ட்ரேஷன் வரட்டும்மா, ஸ்டாஃப் ஆக்கிடலாம்’ என்று மாதாமாதம் சொன்னார். பதிவு எண் இல்லாதவர் கையில் நோயாளியை முழுதாக ஒப்படைக்கலாமா என்ற கேள்வியை அந்த மருத்துவமனையில் யாரும் எழுப்பியதாக எனக்கு நினைவில்லை. எழுப்பியிருந்தால் அவளை வேலைக்கே வைத்திருக்க முடியாது.

அதே வருஷம் இங்கிலாந்தில் வளர்ந்த என் பள்ளி நண்பனின் மகளும் நர்சிங் முடித்தாள். அவளிடம் ஃபைல் எதுவும் இல்லை. படிப்பு முடிந்ததைப் பல்கலைக்கழகம் லண்டனில் இருக்கும் நர்சிங் கவுன்சிலுக்கு நேராகத் தெரிவித்தது. கவுன்சிலிடமிருந்து இவளுக்கு மின்னஞ்சல் வந்தது. கணினி முன் உட்கார்ந்து சில கேள்விகளுக்கு விடை சொல்லி, 153 பவுண்டு கட்டினாள். வார இறுதிக்குப் பிறகு ‘பின்’ எனப்படும் அவளுடைய பதிவு எண் வந்துவிட்டது. ‘எவ்வளவு நாள் அலைஞ்சா?’ என்று நண்பனிடம் கேட்டேன். அவனுக்குக் கேள்வி புரியவில்லை.

இந்த இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், ‘அங்கே வேகம், இங்கே தாமதம்’ என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். பாதி உண்மையும்கூட. ஆனால் அந்த லண்டன் கவுன்சிலே திருநெல்வேலியிலிருந்து விண்ணப்பிக்கும் நர்ஸிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. எழுத்தர் எவ்வளவு வேகமாகக் கை ஓட்டுகிறார் என்பது இதில் பெரிய விஷயமில்லை. தாளைச் சுமப்பவர் யார் என்பதுதான் விஷயம். ஓர் அமைப்பு இன்னோர் அமைப்போடு நேரில் பேசினால் பதிவு நாள்கணக்கில் முடிகிறது. இரண்டுக்கும் நடுவில் இருபத்திரண்டு வயதுப் பெண்ணைத் தபால்காரியாக ஓடவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கிறது.

ஒரு சின்ன விளக்கம். நம் ஊரில் என்.எம்.சி. என்றால் மருத்துவர்களுக்கான தேசிய ஆணையம். இந்தக் கட்டுரையில் வரும் என்.எம்.சி. பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில். அது இருப்பது லண்டன் போர்ட்லண்ட் பிளேஸில். நம்முடைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சில் சாந்தோம் நெடுஞ்சாலையில்.

இரண்டுக்கும் வேர் ஒன்று. பிரிட்டனில் செவிலியருக்குப் பதிவேடு வேண்டும் என்று எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் 1887இல் சங்கம் அமைத்துக் கிளம்பினார். எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். பரீட்சை எழுதிப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் ஒருத்தி நல்ல நர்ஸ் ஆகிவிடுவாளா, குணத்தை எந்தப் பரீட்சை அளக்கும் என்பது அவர் வாதம். அதில் இன்றைக்கும் சாரம் உண்டு. ஆனால் பட்டியலே இல்லாவிட்டால், வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்ட யாரும் நர்ஸ்தான். இந்தச் சண்டை முப்பது ஆண்டுக்கு மேல் நடந்தது. 1919இல் சட்டம் வந்தது. 1921இல் பதிவேடு திறந்தபோது முதல் எண் ஃபென்விக்குக்குப் போயிற்று. பதிவுத் தாமதம் என்று பேசுகிறோமே, தொழிலின் பதிவே முப்பது வருஷம் தாமதம். நியூசிலாந்து அதற்கெல்லாம் முன்பே, 1901இல், சட்டம் போட்டு முடித்துவிட்டிருந்தது.

மதராஸ் மாகாணம் அதிகம் காத்திருக்கவில்லை. 1871இலேயே மதராஸ் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியிருந்தது. பிரிட்டிஷ் சட்டம் வந்த ஏழாம் ஆண்டு, 1926இல், மதராஸ் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வர மேலும் இருபத்தோரு ஆண்டு, 1947 வரை, ஆனது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் மரபில்தான் இன்றும் தமிழ்நாட்டுக் கவுன்சில் நிற்கிறது. பிரிட்டனோ தன் பழைய அமைப்பை 1983இல் ஒரு முறை கலைத்துக் கட்டியது. 2002இல் இன்னொரு முறை கலைத்து இப்போதைய என்.எம்.சி.யை நிறுவியது. வேர் கொடுத்தவன் வீட்டை இரண்டு முறை இடித்துக் கட்டிவிட்டான். நாம் பழைய வீட்டுக்கே வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

பிரிட்டிஷ் ஏற்பாட்டின் சூட்சுமம் கணினியில் இல்லை. அது வருவதற்கு முன்பே முடிவான ஒரு விஷயம்: நர்சிங் படிப்பு நடத்தும் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றையும் கவுன்சில் அங்கீகரித்துக் கண்காணிக்கிறது. 4,600 மணி நேரப் படிப்பும் பயிற்சியும் முடிந்ததா, மாணவியின் உடல்நலமும் நடத்தையும் பணிக்கு ஏற்றவையா என்று உறுதி சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம். உறுதி பொய்த்தால் மாட்டிக்கொள்வதும் அதுதான். கவுன்சில் அந்த வார்த்தையை நம்பி வேலையை ஆரம்பிக்கிறது. மாணவி தன் பங்குக்குச் சொல்ல வேண்டியவை சில: குற்ற வழக்கு உண்டா, பணிக்குக் காப்பீட்டு ஏற்பாடு இருக்கிறதா என்பவை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை யாரும் கேட்பதில்லை. அது பல்கலைக்கழகத்தில் சேரும்போதே பார்த்து முடிந்த சங்கதி. ஒரு முறை பார்த்ததை மறுமுறை பார்ப்பதில்லை என்ற இந்த எளிய ஒழுங்கு நம் அலுவலகங்களுக்கு ஏனோ பிடிபடவே மாட்டேன் என்கிறது.

இங்கே நர்சிங் கல்லூரியில் சேரும்போது பள்ளிச் சான்றிதழைக் கல்லூரி பார்க்கிறது. பல்கலைக்கழகமும் தகுதியைச் சரிபார்க்கிறது. தேர்வு நடத்துவதும் முடிவு போடுவதும் மதிப்பெண் பட்டியல் அச்சிடுவதும் கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். ஆக, மாணவியின் விவரம் முழுக்க ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் கணினியில் கிடக்கிறது. கிண்டிக்கும் சாந்தோமுக்கும் நடுவில் ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தை ஒரு தகவல் கடக்க வேண்டுமானால், அது முதலில் அச்சாகி, கல்லூரிக்குப் போய், மாணவி கையெழுத்துப் போட்டு வாங்கி, நகல் எடுத்து, சான்றொப்பம் பெற்று, ஃபைலில் ஏறி, ரயிலிலோ இணையத்திலோ திரும்பிச் சென்னைக்கு வர வேண்டும். விண்ணப்பம் இணையத்துக்கு வந்திருப்பது நல்லதுதான். ஆனால் ஏற்ற வேண்டிய தாள்களைத் திரட்டுவது இன்னும் அவள் தலையில்தான் இருக்கிறது. தாளை ஸ்கேன் செய்துவிட்டால் அது தகவல் ஆகிவிடாது. படம் பிடித்த தாள்தான்.

இதற்கு மேல் கல்லூரியின் கெடுபிடி. கட்டண பாக்கி, பாண்டு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அசல் சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைக்கும் கல்லூரிகளைப் பற்றி எந்த நர்ஸிடம் கேட்டாலும் ஒரு கதை சொல்வார். தகவல் நேராகப் போகும் ஏற்பாட்டில் இந்தப் பூட்டுக்கு மதிப்பே கிடையாது. பீரோவில் இருப்பது வெறும் காகிதமாகிவிடும். ஏற்பாடு மாறாமல் இருப்பதில் சிலருக்கு ஆதாயம் உண்டு என்பதை மறந்துவிட்டு இந்தத் தாமதத்தைப் பேச முடியாது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் நர்சிங் கற்பிக்கும் நிறுவனங்கள் நூறை ஒட்டி இருக்கும். தமிழ்நாட்டில் பட்டப் படிப்பு, டிப்ளமா, ஏ.என்.எம். என்று எல்லாம் சேர்த்தால் நூற்றுக்கணக்கில் போகும். ஒரே அறையில் மூன்று கல்லூரி நடப்பதாகக் கேள்விப்பட்ட நாட்டில், ‘கல்லூரி சொல்வதை நம்பு’ என்று கவுன்சிலிடம் சொல்வது எளிதில்லை. அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த அவநம்பிக்கையின் செலவைக் கல்லூரியிடம் வசூலிக்காமல் மாணவியிடம் வசூலிப்பது என்ன நீதி?

அடுத்தது நாள்கணக்கு. பிரிட்டிஷ் கவுன்சில் தனக்குத்தானே இலக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. உள்நாட்டில் படித்தவரின் விண்ணப்பத்தில் சிக்கல் எதுவும் இல்லையென்றால் ஒரு வேலைநாள். கூடுதலாக விசாரிக்க வேண்டியிருந்தால் 60 நாள். வெளிநாட்டு விண்ணப்பங்களுக்கு 30 நாள். இலக்கை எத்தனை சதவீதம் எட்டினோம் என்று கவுன்சில் கூட்டத்துக்கு அறிக்கை வைக்கிறார்கள். யாரும் எடுத்துப் படிக்கலாம். எட்டாத மாதங்களும் உண்டு, அதையும் எழுதுகிறார்கள். ‘வந்துடும்மா’ என்ற சொல்லுக்கும் ‘30 நாள்’ என்ற சொல்லுக்கும் உள்ள வித்தியாசம், வாடகை வீட்டில் காத்திருக்கும் பெண்ணுக்குத்தான் தெரியும். முதலாவது ஆறுதல். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம்.

இப்போது மேசையைத் திருப்பிப் போடுவோம். தன் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நாளில் பதிவு எண் கொடுக்கும் அதே போர்ட்லண்ட் பிளேஸ், மதுரையிலிருந்து போகும் நர்ஸிடம் என்ன கேட்கிறது? ஆங்கிலத் தேர்வு: ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் ஒட்டுமொத்தம் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும், ஓ.இ.டி.யும் எழுதலாம். பிறகு கணினித் தேர்வு, சி.பி.டி. இதை நம் ஊரிலேயே எழுதிவிடலாம். பிறகு தகுதி ஆவணங்கள், அவற்றுக்கான சரிபார்ப்பு. கடைசியில் பிரிட்டன் போய் இறங்கி ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, பத்து நிலையங்கள். நடத்தும் இடங்கள் அந்நாடு முழுவதற்கும் ஐந்துதான். கட்டணம் 794 பவுண்டு. ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு. இருபது வருஷம் ஐ.சி.யூ.வில் நின்றவர்கூட, பொம்மைக்கு முன் நின்று ‘நான் இப்போது கை கழுவுகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்காட்ட வேண்டும். தேறும்வரை அவர் அங்கே பதிவு பெற்ற நர்ஸ் கிடையாது; சம்பளமும் ஒன்றிரண்டு படி கீழே. நம் ஊரில் ‘டிரெய்னி’, மான்செஸ்டரில் ‘ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்’. பெயர்ப் பலகை ஆங்கிலத்தில் கொஞ்சம் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பாதையில்தான் இரண்டு கவுன்சில்களும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. ‘இந்த நர்ஸ் உங்களிடம் பதிவு பெற்றவர்தானா, இவர்மேல் புகார் உண்டா’ என்று லண்டன் கேட்கிறது. சென்னை பதில் சொல்ல வேண்டும். இதைத்தான் நர்ஸ்கள் ‘வெரிஃபிகேஷன்’ என்றும் ‘குட் ஸ்டாண்டிங்’ என்றும் சொல்வார்கள். இரண்டு அரசு சார்ந்த அமைப்புகளுக்கு இடையே ஒரு கேள்வி, ஒரு பதில். ஆனால் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுத்து, கட்டணம் கட்டி, போயிற்றா வந்ததா என்று இரண்டு பக்கமும் விசாரித்துக்கொண்டிருப்பது மறுபடியும் அந்த நர்ஸ். நடுவில் ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணின் ஆயுள் இரண்டு வருஷம் என்று கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். சென்னை தாமதித்தால் லண்டனில் காலாவதியாகும். இனிஷியல் சிக்கல் இங்கே இரட்டிப்பாகும். கல்யாணமாகி அப்பா இனிஷியல் கணவர் இனிஷியலாக மாறியிருந்தால் மூன்று மடங்கு. குடும்பப் பெயர் என்ற பெட்டியே இல்லாத ஒரு பண்பாட்டிலிருந்து போகிறவர்கள் நாம். அந்தப் பெட்டியில் என்ன எழுதுவது என்று ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணும் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

லண்டன் கவுன்சில் தன் தவறு எங்கே என்று பார்க்காமலும் இல்லை. 2019 அக்டோபரில் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கான தாள்களைக் குறைத்து, முறையை இணையத்துக்கு மாற்றியது. 2023இல் ஆங்கிலத் தேர்வு விதிகளைத் தளர்த்தியது. இரண்டு தேர்வில் வாங்கிய மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டுவது எளிதாயிற்று. ஏற்கெனவே பிரிட்டனில் வேலை பார்ப்பவருக்கு, ‘இவர் ஆங்கிலம் போதும்’ என்று முதலாளி எழுதித் தரும் தகவலும் கணக்கில் வந்தது. இதெல்லாம் கருணையால் நடக்கவில்லை. வார்டில் ஆளில்லை.

ஆளில்லாதபோது எந்தக் கதவும் திறக்கும் என்பதற்குக் கொரோனாவைவிட நல்ல சாட்சி கிடையாது. 2020 மார்ச்சில் பிரிட்டன் அவசரச் சட்டம் போட்டுத் தற்காலிகப் பதிவேடு ஒன்றைத் திறந்தது. ஓய்வு பெற்றுப் பதிவை விட்டவர்களைத் திரும்பக் கூப்பிட்டது. ஆஸ்கி மையங்கள் மூடிக்கிடந்ததால், மற்ற எல்லாம் முடித்து அந்த ஒரு தேர்வுக்காகக் காத்திருந்த வெளிநாட்டு நர்ஸ்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. நேற்றுவரை அந்தத் தேர்வு இல்லாமல் நர்ஸாக நோயாளியைத் தொடக்கூடாது என்றிருந்தது. மறுநாள் தொடலாம் என்றானது. அந்தப் பதிவேடு 2024 மார்ச் 31 வரை உயிரோடு இருந்தது. நம் நாட்டிலும் 2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், பி.எஸ்சி., ஜி.என்.எம். முடித்தவர்களைக் கோவிட் பணியில் முழுநேரமாகப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. அலை போனதும் இரண்டு நாட்டிலும் பழைய வரிசை திரும்பி வந்துவிட்டது. வித்தியாசம், லண்டனில் அந்தக் கதவுக்குச் சட்டத்தில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது: எப்போது திறப்பது, யாரைச் சேர்ப்பது, எப்போது மூடுவது என்று. நம்மிடம் அறிவிப்புகள் இருந்தன.

வேகம் வேகம் என்று பேசிக்கொண்டே போனால் இன்னொரு குழியில் விழுவோம். 2023இல் நைஜீரியாவின் இபாடான் நகரில், லண்டன் கவுன்சிலுக்கான சி.பி.டி. நடக்கும் ஒரு மையத்தில் சிலர் நம்ப முடியாத வேகத்தில் விடை எழுதியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோரின் முடிவுகள் சந்தேகத்துக்கு உள்ளாயின. அவர்களில் பலர் அதற்குள் பதிவு பெற்று வார்டில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த மையத்தில் நேர்மையாக எழுதியவர்களும் மறுபடி எழுத வேண்டி வந்தது. பதிவேடு முதலில் நோயாளிக்காக இருக்கிறது, நர்ஸுக்காக அப்புறம்தான். போலிச் சான்றிதழ் நம் ஊருக்கும் புதிதில்லை. ஆகவே சரிபார்க்காதே என்று யாரும் கேட்கவில்லை. நம் ஏற்பாட்டின் வேடிக்கை, போலிக்கு வாசல் திறந்துவிடுவதும் அதே தாள்தான். மாணவி சுமந்து வரும் காகிதத்தைத்தான் திருத்த முடியும். பல்கலைக்கழகத்தின் கணினியிலிருந்து நேராக வரும் பட்டியலைத் திருத்துவது அத்தனை எளிதில்லை.

லண்டனைச் சொர்க்கமாக எழுதிவிட்டேன் என்று யாராவது நினைத்தால், அந்த வீட்டின் பின்கட்டையும் பார்க்கட்டும். பதிவு வேகமாக நடக்கிறது. புகார் விசாரணை நத்தை வேகம். 2024 ஜூலையில் வெளியான சுயேச்சையான ஆய்வு, அந்தக் கவுன்சிலுக்குள்ளேயே நிறவெறியும் மிரட்டலும் இருப்பதாகச் சொன்னது. முடிவுக்காகக் காத்திருந்த புகார்கள் அப்போது ஆறாயிரத்தை ஒட்டி இருந்தன. புகாருக்கு ஆளான நர்ஸ்கள் வருஷக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் காரணம் ஏறத்தாழ அதேதான் என்று எனக்குப் படுகிறது. மருத்துவமனை, காவல்துறை, கவுன்சில் என்று பல அமைப்புகள் ஒன்றுக்கொன்று தகவல் கொடுக்க வேண்டிய இடத்தில் மனிதர் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

மகப்பேறு உதவியாளர் விஷயத்தில் இந்த ஒப்பீடு சற்றுக் கோணலாகிறது. பிரிட்டனில் மிட்வைஃப் தனித் தொழில். அவர்களுக்கான சட்டம் 1902இலேயே, நர்ஸ்களுக்கு 17 ஆண்டு முன்பே, வந்துவிட்டது. நர்ஸ் ஆகாமலே மிட்வைஃப் ஆகலாம். பதிவேட்டில் தனிப் பகுதி. இங்கே நர்சிங் முடித்தவருக்கு நர்ஸுக்கான ஆர்.என்., மிட்வைஃபுக்கான ஆர்.எம். என்று இரண்டு பதிவும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு சான்றிதழ் கையில் இருந்தும், லண்டன் போனால் ஆர்.எம். அநேகமாகச் செல்லாது, நர்ஸாக மட்டும்தான் ஏற முடியும். இருபது வருஷம் பிரசவ வார்டில் இருந்தவருக்கு இதைவிட அவமானம் கிடையாது. 2018இல் மத்திய அரசு மகப்பேறுக்கென்றே 18 மாதக் கூடுதல் பயிற்சியோடு தனி வகுப்பை உருவாக்க வழிகாட்டி வெளியிட்டது. அது வளர்ந்தால் இந்த முடிச்சு அவிழலாம்.

இன்னொரு கோணம் பதிவேட்டின் உயிர். பிரிட்டனில் ஆண்டுக்கு 120 பவுண்டு கட்ட வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை 450 மணி நேரம் வேலை பார்த்ததையும் 35 மணி நேரம் படித்ததையும் காட்ட வேண்டும். இல்லையென்றால் பெயர் உதிர்ந்துவிடும். எட்டு லட்சத்துக்கும் அதிகமான அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இந்தியாவில் பதிவு பெற்ற நர்சிங் பணியாளர் 33 லட்சத்துக்கும் மேல் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அதில் இறந்தவர், வெளிநாடு போனவர், தொழிலை விட்டவர் எத்தனை என்று பட்டியலைப் பார்த்துச் சொல்வது கடினம். இதைச் சரிசெய்யத்தான் இந்திய நர்சிங் கவுன்சில் நேரடிப் பதிவேடும், ஒவ்வொருவருக்கும் என்.யூ.ஐ.டி. என்ற தனி எண்ணும் கொண்டுவந்தது. நல்ல எண்ணம். ஆனால் மாநிலப் பதிவு ஒன்று, தேசிய எண் ஒன்று. பெங்களூரில் படித்த ஒசூர்ப் பெண் ஊருக்குத் திரும்பினால் கர்நாடகத்திடம் என்.ஓ.சி., தமிழ்நாட்டில் மறுபதிவு. கார்டிஃபிலிருந்து கிளாஸ்கோ போகும் நர்ஸுக்கு ரயில் டிக்கெட் போதும்.

2023 ஆகஸ்டில் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் ஒப்புதல் பெற்றது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விடைகொடுத்து, தேசிய ஆணையம், மாநில ஆணையங்கள், இணையத்தில் தேசியப் பதிவேடு என்று அது பேசுகிறது. வீடு புதிதாகக் கட்டும்போது வாசல் எங்கே என்று இப்போதே சொல்லிவிடுவது நல்லது. தேர்வு முடிவு வந்த அன்றே பல்கலைக்கழகம் தேறியவர் பட்டியலை மாநிலப் பதிவேட்டுக்கு நேராக அனுப்பட்டும். கல்லூரி முதல்வர் நடத்தைச் சான்றை அதே வழியில் தரட்டும். பொய் சொன்னால் அங்கீகாரம் போகட்டும். இத்தனை நாளில் பதிவு என்று எழுதி ஒட்டட்டும். மாதந்தோறும் கணக்குக் காட்டட்டும். குட் ஸ்டாண்டிங் கேட்டு வெளிநாட்டுக் கவுன்சில் எழுதினால் கவுன்சிலே பதில் போடட்டும். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. கிண்டியும் சாந்தோமும் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும்.

அதுவரைக்கும் உங்கள் வீட்டில் நர்சிங் படிக்கும் பெண்ணோ பையனோ இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். முதல் வருஷமாக இருக்கும்போதே, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்போர்ட், கல்லூரியில் பதிந்திருக்கும் பெயர் நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இனிஷியல் எங்கே நிற்கிறது, அப்பா பெயரில் எத்தனை ‘ஏ’ இருக்கிறது என்று பாருங்கள். தவறு இருந்தால் இப்போதே கல்லூரியில் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.